சோனகத் தெருவும் யாழ்ப்பாணத்துத் திரைப்பட விழாவும்

 

போன தவணையில் தரம் 11 வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: "சேர், எங்கட வாப்பா ஆக்கள யாழ்ப்பாணத்தால வெளியேத்தினதப் பத்தி ஏதாவது படம் வந்திருக்கா?" வரலாற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. மணி அடிக்க ஐந்து நிமிடம். "வந்திருக்கு மகன், பிறகு சொல்றேன்" என்று சொல்லிவிட்டேன். பிறகு சொல்லவில்லை. தவணை முடிந்துவிட்டது. அந்தப் பிள்ளைக்குச் சொல்லவேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

சினிமா பற்றி ஒரு வாத்தியார் எழுதுவதா என்று சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். தெரியும். என் வாப்பா மர்ஹூம், தையல்காரர். கஸ்தூரியார் வீதியில் ஒரு கடையில் தைத்தவர். ஐந்து நேரத் தொழுகையை விடாதவர். ஆனால் மனோகராவில் எம்ஜியார் படம் வந்துவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு இரண்டாம் காட்சிக்குப் போய்விடுவார். உம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார். உம்மாவோ அவர் சட்டைப் பையில் கிடக்கும் அரைத் துண்டு டிக்கட்டை எடுத்துப் பத்திரமாக அடுப்பில் போட்டுவிடுவா. ஆகவே ஹராமா ஹலாலா என்ற விவாதத்தை உலமாக்களிடம் விட்டுவிட்டு நான் வரலாற்றுக்கு வருகிறேன்.

அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் படமாளிகைகளுக்குக் குறைவில்லை. கோட்டைப் பக்கம் ரீகல். பிறகு வின்ட்சர், வெலிங்டன், ராணி, ராஜா, மனோகரா, ஸ்ரீதர், லிடோ. ஒரு சின்னப் பட்டணத்துக்கு இத்தனை. ஆனால் அவற்றில் ஓடியது எல்லாம் மெட்ராசில் இருந்து வந்த படங்கள். நம் மண்ணும் நம் பேச்சும் திரையில் வரும் என்று எங்கள் வாப்பாமார் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள். சிங்களவர்களுக்கும் தொடக்கத்தில் அதே நிலைமைதான். முதல் சிங்களப் பேசும் படமான 'கடவுணு பொறொந்துவ' 1947 ஜனவரியில் வெளிவந்தது. அதைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர், எடுத்த இடம் மதுரை. இதை நான் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை.

1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ'வை எடுத்தபோதுதான் கமெரா ஸ்டூடியோவை விட்டு இலங்கைக் கிராமத்து வெயிலுக்கு வந்தது. மறு வருடம் அந்தப் படம் கான் திரைப்பட விழாவுக்குப் போனது. சொந்த நாட்டில் பெரிதாக ஓடாத படத்துக்கு வெளிநாட்டு விழா ஒன்று மரியாதை கொடுத்தது. சுயாதீனப் படங்களின் கதை அன்றிலிருந்து இன்றுவரை பெரும்பாலும் இப்படித்தான்.

தமிழில் முதல் முயற்சி 1962இல், 'சமுதாயம்'. 16 மி.மீ. படம், இயக்கியவர் ஹென்றி சந்திரவன்ச என்ற சிங்களவர். அடுத்த வருடம் 35 மி.மீ. இல் 'தோட்டக்காரி'. அங்கிருந்து 1993 வரை முப்பது வருடங்களில் வந்த இலங்கைத் தமிழ்ப் படங்களை எண்ணினால் முப்பதுக்குள் அடங்கிவிடும். எடுத்தவர்களில் பலர் கையில் இருந்ததை விற்று எடுத்தவர்கள். இந்தியப் படம் ஓடும் படமாளிகையில் இவர்களுக்கு ஒரு கிழமை கிடைப்பதே பெரிய காரியம்.

அதில் நாம் எங்கே இருந்தோம்? 1976இல் வந்த 'கோமாளிகள்' ஞாபகம் இருப்பவர்கள் சிரிப்பார்கள். வானொலி நாடகமாகத் தொடங்கி படமாகவும் வந்து நன்றாக ஓடியது. அதில் மரிக்கார் என்ற முஸ்லிம் பாத்திரம். நடித்தவர் எஸ். ராம்தாஸ். கடைசிவரை மரிக்கார் ராம்தாஸ் என்றே மக்கள் அவரை அழைத்தார்கள். அதே நாடகத்தில் ஐயராக நடித்தவர் நம் பி. எச். அப்துல் ஹமீத் அவர்கள். இந்து முஸ்லிமாகவும் முஸ்லிம் ஐயராகவும் நடித்து ஊரே சேர்ந்து சிரித்த காலம் அது. அந்தச் சிரிப்பில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. வாப்பாவும் ரேடியோவில் அதைக் கேட்டுக் கண்ணீர் வரச் சிரித்தவர். ஆனால் தமிழ்த் திரையில் நாம் சிரிப்பு மூட்டும் தமிழ் பேசுகிறவர்களாகத்தான் நுழைந்தோம் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளவேண்டும். 1993இல் பேராதனை ஜுனைதீன் அவர்களின் முயற்சியில் 'ஷர்மிளாவின் இதய ராகம்' வந்தது. நம்மவர் பணம் போட்டு, நம்மவர் எழுதிய நாவலை வைத்து எடுத்த படம். காதல் கதை. அது வந்த நேரம் வடக்கு முஸ்லிம்கள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் மூன்றாவது மழையைக் கண்டுகொண்டிருந்தார்கள். படத்தைக் குறை சொல்லவில்லை. இரண்டும் ஒரே காலம் என்பதைச் சொல்கிறேன்.

நடுவில் ஒரு படத்தை விட்டுவிட்டேன், வேண்டுமென்றுதான். 1978இன் 'பொன்மணி'. தர்மசேன பத்திராஜ இயக்கியது. அவர் சிங்களவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்க வந்தவர். வந்த இடத்தில் பாடம் நடத்திவிட்டுப் போகாமல் ஊரைப் பார்த்தார். சீதனத்தால் வீட்டில் தேங்கிக் கிடக்கும் பெண்கள், சாதி தாண்டிப் போன பெண்ணுக்கு ஊர் கொடுத்த தண்டனை. காவலூர் ராஜதுரையின் எழுத்தில் அதைப் படமாக்கினார். பாட்டும் சண்டையும் எதிர்பார்த்துப் போன சனம் ஏமாந்தது. படம் ஓடவில்லை. இன்று இலங்கைத் தமிழ் சினிமாவைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் சொல்லும் பெயர் அதுதான். யாழ்ப்பாணத்தைப் பற்றி யாழ்ப்பாணத்தவர் சொல்லத் தயங்கிய ஒன்றை வெளியில் இருந்து வந்தவர் சொன்னார். பத்திராஜ 2018 ஜனவரியில் காலமானார்.

பிறகு 1983 ஜூலை. ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிந்தது. தமிழர் ஒருவரின் ஸ்டூடியோ என்று எரித்தார்கள், அதோடு சேர்ந்து எரிந்த மூலப் பிரதிகள் அதிகமும் சிங்களப் படங்களுடையவை. யாழ்ப்பாணத்தில் படமாளிகைகள் ஒவ்வொன்றாக மூடின. ரீகல் இடிந்தது. ஸ்ரீதர் தியேட்டர் பிற்காலத்தில் நெடுநாள் ஒரு கட்சியின் அலுவலகமாக இருந்தது. 1990இல் யாழ் தேவி நின்றது. மின்சாரமும் போனது. ஜெனரேட்டர் வைத்து, 'டெக்' வாடகைக்கு எடுத்து, ஒரு வீட்டு முற்றத்தில் ஐம்பது பேர் இருந்து படம் பார்த்த காலம் அது. எனக்கு அப்போது பத்து வயது.

அந்த வருடம் ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. ஒலிபெருக்கியில் அறிவித்து ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். இரண்டு மணித்தியால அவகாசம். மிச்சத்தை நான் எழுதத் தேவையில்லை, வாசிக்கும் உங்களில் பாதிப்பேர் அந்த லொறிகளில் இருந்தவர்கள் அல்லது அவர்களின் பிள்ளைகள். வடக்கின் ஐந்து மாவட்டங்களில் இருந்தும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். மன்னார்த் தீவுச் சனம் வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியது.

இதைப் படம் பிடிக்க அன்று அங்கே ஒரு கமெராவும் இல்லை. புலிகளிடம் நிதர்சனம் என்ற படப்பிரிவு இருந்தது. நிறையப் படங்கள் எடுத்தார்கள். அவற்றில் நம் கதைக்கு இடம் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. அரசாங்கத் தரப்பு கமெராக்களுக்கு நாம் புள்ளிவிபரமாகத்தான் பயன்பட்டோம். இந்தியத் தமிழ்ச் சினிமாவுக்கு நாம் இருப்பதே தெரியாது.

சரி, பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன்.

படம் வந்தது 2003இல். 'இர மதியம'. தமிழில் உச்சிவெயில் என்று சொல்லலாம். பிரசன்ன விதானகே இயக்கியது. அவர் யார் என்று தெரியாதவர்களுக்கு: அதற்கு முன் 'புரஹந்த களுவர' என்ற படத்தை எடுத்தவர். போரில் செத்ததாகச் சொல்லி மூடிய பெட்டியில் அனுப்பப்பட்ட மகனை, செத்துவிட்டான் என்று நம்ப மறுக்கும் கண் தெரியாத தகப்பனின் கதை. தகப்பனாக ஜோ அபேவிக்ரம. அந்தப் படத்தை 2000ஆம் ஆண்டில் அரசாங்கம் திரையிட விடவில்லை. விதானகே உயர் நீதிமன்றம் வரை போய் 2001இல் வென்றார். வழக்குப் பேசிப் படம் காட்டிய மனிதர். அவருடைய அடுத்த படத்தில்தான் நாம் வருகிறோம்.

'இர மதிய'மவில் மூன்று கதைகள். காணாமல்போன விமானியான கணவனைத் தேடும் மனைவி ஒருத்தி. விடுமுறையில் வந்து தன் தங்கையை எதிர்பாராத இடத்தில் காணும் சிப்பாய் ஒருவன். மூன்றாவது அரபாத், பதினொரு வயது முஸ்லிம் பையன். ஊரையே வெளியேறச் சொல்லிவிட்டார்கள். அவனுக்குத் தன் நாயையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அவ்வளவுதான் அவன் கதை. பெரிய வசனம் இல்லை, யார் சரி யார் பிழை என்ற விளக்கம் இல்லை. சாமான் கட்டும் வீடு, கடற்கரை வெயில், நாயை விடமாட்டேன் என்று நிற்கும் பையன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு மண்டபத்தில் இந்தப் படத்தைச் சிலருக்குப் போட்டுக் காட்டினோம். மத்ரஸாப் பிள்ளைகளின் புரொஜெக்டரை இரவல் வாங்கி, வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி. முப்பது பேர் இருப்பார்கள், பெண்கள் ஒரு பக்கம். படம் சிங்களம், அரபாத் கதை வரும் இடங்களில் தமிழ். முதல் அரை மணித்தியாலம் சனம் கதைத்துக்கொண்டு இருந்தது. அரபாத் வீட்டில் சாமான் கட்டத் தொடங்கியதும் மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை.

படம் முடிந்ததும் முதல் விவாதம் என்ன தெரியுமா? நாய்! ஒரு காக்கா எழும்பிக் கேட்டார்: "எந்த முஸ்லிம் வீட்டில நாய் வளக்கிற? இவங்களுக்கு நம்மளப் பத்தி ஒண்டும் தெரியா. ஒரு ஆட்டுக் குட்டியையாவது வச்சிருக்கலாமே." இன்னொருவர் மன்னார்க்காரர், மறுத்தார். காவலுக்கும் மந்தைக்கும் நாய் வைக்க மார்க்கத்தில் இடம் இருக்கிறது, எங்கள் பக்கத்தில் மாட்டுப்பட்டிக்காரர் எல்லார் வீட்டிலும் நாய் நின்றது என்றார். அரை மணித்தியாலம் இதே பேச்சு. எனக்கு உள்ளுக்குள் கோபம். இத்தனை பெரிய துயரத்தைப் பார்த்துவிட்டு நாயைப் பற்றிக் கதைக்கிறார்களே என்று. இப்போது யோசித்தால், அவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். நம்மைப் பற்றி ஒருவர் படம் எடுத்தால் நம் வீட்டுக்குள் எது இருக்கும் எது இருக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்வி. வரலாறு படிப்பிக்கிறவன் அதை விளங்கியிருக்க வேண்டும்.

அப்போது பெண்கள் பக்கத்தில் இருந்து ஒரு வயதான உம்மா பேசினா. எங்கள் சோனகத் தெருக்காரி. எழும்பவில்லை, இருந்த இடத்தில் இருந்தே சொன்னா: "அவன் நாய்க்காக அழுதான். நாங்க ஆட்டக் கட்டின கயித்த அவுத்து விட மறந்துட்டு வந்துட்டம்."

அதற்குப் பிறகு யாரும் நாயைப் பற்றிக் கதைக்கவில்லை.

இனி யாழ்ப்பாணத்து விழாவுக்கு வருகிறேன். போர் 2009இல் முடிந்தது. 2012இல் அசோக ஹந்தகம 'இனி அவன்' எடுத்தார். புனர்வாழ்வு முடிந்து ஊருக்கு வரும் முன்னாள் போராளியை ஊர் எப்படிப் பார்க்கிறது என்ற கதை. முழுக்கத் தமிழ், யாழ்ப்பாணத்திலேயே எடுத்தது. நடித்தவர் தர்ஷன் தர்மராஜ், 2022இல் நம்மை விட்டுப் போய்விட்டார். பத்திராஜவைப் போல ஹந்தகமவும் சிங்களவர். 2014 ஒக்டோபரில் இருபத்து நான்கு வருடங்களின் பின் யாழ் தேவி மறுபடி யாழ்ப்பாண நிலையத்துக்குள் வந்தது. ஒரு வருடம் ஆகவில்லை, 2015 செப்டெம்பரில் முதலாவது யாழ்ப்பாண சர்வதேச திரைப்பட விழா நடந்தது. நடத்தியவர் அனோமா ராஜகருணா, அவரும் சிங்களவர். புகைப்படக்காரர், கவிஞர், படம் எடுப்பவர். அஜெண்டா 14 என்ற அவர்களுடைய அமைப்பு யாழ்ப்பாணத்தவர்களோடு சேர்ந்து வருடாவருடம் நடத்தி வந்தது.

"சர்வதேச" என்ற சொல்லைப் பார்த்துப் பெரிதாக நினைக்கவேண்டாம். சின்ன விழாதான். பல்கலைக்கழகத்துக் கைலாசபதி கலையரங்கு, காகில்ஸ் கட்டடத்துப் படமாளிகை என்று சில இடங்களில் சில நாட்கள். வெளிநாட்டுப் படங்கள், இந்தியப் படங்கள், இலங்கையின் புதியவர்கள் எடுத்த முதல் படங்கள், குறும்படங்கள். நான் ஒரு தடவை போனேன். புத்தளத்தில் இருந்து இரவு பஸ் எடுத்து, விடிய இறங்கி, பள்ளியில் சுபஹ் தொழுதுவிட்டு, பிளேன்ரீ குடித்துவிட்டுப் போய் இருந்தேன். நட்சத்திரம் யாரும் இல்லை. பெரும்பாலும் மாணவர்கள். படம் முடிந்ததும் எடுத்த பையனையே முன்னால் கூப்பிட்டு நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள். ஒரு மாணவி தமிழில் கேட்க, அவர் சிங்களத்தில் பதில் சொல்ல, நடுவில் ஒருவர் மொழிபெயர்க்க, மொழிபெயர்ப்பு பதிலைவிட நீளமாகப் போக, எல்லாரும் சிரிக்க... இப்படி ஒரு காட்சியை நான் எந்தப் பெரிய படமாளிகையிலும் கண்டதில்லை.

இப்படியான சின்ன விழாக்கள் இப்போது நடக்கக்கூடியதாக இருப்பதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. முன்பு 35 மி.மீ. படம் என்றால் ஆயிரம் அடிச் சுருள் ஒன்று பதினொரு நிமிடம்தான். இரண்டு மணித்தியாலப் படத்துக்குப் பதினொரு சுருள் வேண்டும். அதைத் தகரப் பெட்டியில் அடுக்கி ரயிலில் ஏற்றி, இறக்கி, ஓட்டத் தெரிந்த ஆளும் இயந்திரமும் இருந்தால்தான் படம். ஒரு பிரதி அடிக்கவே இலட்சக்கணக்கில் முடியும். இன்று ஒரு கை அளவு வன்தட்டில் விழா முழுவதும் வந்துவிடுகிறது. எடுப்பதும் அப்படித்தான். பத்திராஜவுக்குத் தயாரிப்பாளர் தேவைப்பட்டார். இன்று பல்கலைக்கழகப் பிள்ளை ஒரு கமெராவை இரவல் வாங்கி எடுத்துவிடுகிறது. காசு போட்டவருக்குப் பயப்படத் தேவையில்லாதபோது சொல்லும் கதையும் மாறுகிறது.

ஆனால் பயம் காசில் இருந்து மட்டும் வருவதில்லை. 2018 ஒக்டோபரில் இதே விழாவில் ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பரடைஸ்' என்ற ஆவணப்படம் காட்டப்பட இருந்தது. ஜூட் தமிழர். 1983 கலவரத்தில் சின்னப் பிள்ளையாகக் கொழும்பை விட்டு ரயிலில் ஓடியவர். இயக்கங்கள் தங்களுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் கொன்ற கதையை, அதில் தப்பிய தன் சொந்த மாமாவைக் கூட்டிக்கொண்டு போய் அவர் எடுத்திருந்தார். முந்திய வருடம் கான் விழாவில் காட்டப்பட்ட படம். யாழ்ப்பாணத்தில் எதிர்ப்பு எழுந்தது, விழாக்காரர் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

எதிர்த்தவர்களின் வாதம் எனக்கு விளங்காமல் இல்லை. முள்ளிவாய்க்காலில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களிடம், அரசாங்கம் இன்னும் ஒரு பதிலும் சொல்லாத நேரத்தில், உங்கள் பக்கத்துப் பிழையைப் பாருங்கள் என்று திரையைக் கட்டினால் வலிக்கும்தான். அந்தப் படம் அரசுக்குத்தான் உதவும் என்றார்கள். இருந்தாலும் அந்தச் செய்தியை வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. தமிழர் ஒருவர், தன் குடும்பத்துக் கதையை, தமிழில் சொன்ன படத்துக்கே அங்கே இடமில்லை என்றால் நம்முடையதை எங்கே வைப்பது? விழா நடந்த இடத்தில் இருந்து சோனகத் தெரு சைக்கிளில் போகிற தூரம். பிழை என்று நான் நினைக்கிறேன், படத்தைக் காட்டிவிட்டு அந்த மண்டபத்திலேயே சண்டை பிடித்திருக்க வேண்டும். நாய் விவாதத்தை நாங்கள் பிடித்ததுபோல.

அதற்காக விழாவையே தூக்கி எறிய என்னால் முடியாது. ஒரு படத்தை மீளப்பெற்றாலும், ஊரில் அப்படியான படம் காட்டலாம் என்ற எண்ணமே அந்த விழா வந்த பிறகுதான் வந்தது. அதை வருடாவருடம் கட்டி எழுப்புவது லேசான வேலை இல்லை.

நம் கதைக்கு இன்னொருவரும் வந்தார். சுமதி சிவமோகன், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர். 1989 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட டாக்டர் ராஜினி திராணகமவின் தங்கை. மலையக மக்களைப் பற்றி 'இங்கிருந்து' எடுத்தவர். அவருடைய 'த சிங்கிள் டம்ளர்' 1990ஐத் தொடுகிறது. அதில் முக்கியமானது என்னவென்றால், வெளியேற்றப்பட்ட நம்மை மட்டும் அவர் பார்க்கவில்லை. நாம் போன பிறகு அங்கேயே இருந்த ஒரு யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தின் வீட்டுக்குள் அந்த நாள் எப்படி மிஞ்சிக் கிடக்கிறது என்று பார்க்கிறார். யோசித்துப் பாருங்கள். வாப்பாவிடம் சட்டை தைக்கக் கொடுத்தவர்கள் இருப்பார்கள்தானே. அளவு எடுத்துத் துணி கொடுத்துவிட்டுப் போனவர்கள். அவர்களுக்கு அடுத்த நாள் கடை பூட்டிக் கிடந்திருக்கும். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அவர்களும் சொன்னதில்லை. தமிழர் ஒருவர் அதைக் கேட்டுப் படமாக எடுத்தது எனக்குப் பெரிய விசயம்.

ஆகவே மகன், உன் கேள்விக்குப் பதில்: ஒரு சிங்களவர் எடுத்தார், ஒரு தமிழர் எடுத்தார். நம்மில் எவரும் இதைப் பெரும் படமாக எடுத்து நான் காணவில்லை. மர்ஹூம் பேராசிரியர் ஹஸ்புல்லாஹ் அவர்கள் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை வெளியேற்றத்தை எழுத்தில் பதிவதற்குக் கொடுத்தார். 2018 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்திலேயே அவருடைய மவுத்தும் ஆனது. எழுத்தில் நமக்கு அவர் இருந்தார். படத்தில் அப்படி ஒருவரை நான் இன்னும் காணவில்லை.

ஏன் என்று கேட்டால் காசு இல்லை என்போம். காசு ஒரு காரணம்தான். படம் எடுப்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை இல்லை என்று நாமே சொல்லி வளர்த்தது இன்னொரு காரணம். என் வகுப்பிலேயே அழகாகப் படம் பிடிக்கும் ஒரு பிள்ளை இருந்தான். கலியாண வீட்டு வீடியோக்காரனாகப் போகப்போகிறாயா என்று வீட்டில் திட்டி கட்டாருக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது நானும் ஒன்றும் பேசவில்லை.

மூன்றாவது காரணம், சொல்லக் கஷ்டமானது. எங்கள் பெரியவர்கள் கமெரா முன்னால் கதைக்க விரும்புவதில்லை. கதைத்தால் பழைய பகை கிளறும், திரும்பிப் போய்க் குடியேறியிருக்கிற பிள்ளைகளுக்கு அக்கம்பக்கத்தில் கரைச்சல் வரும் என்று பயம். 2019 ஈஸ்டருக்குப் பிறகு அந்தப் பயம் இரண்டு மடங்கு. யாரையும் நான் குறை சொல்லமாட்டேன், என் உம்மாவும் அப்படித்தான்.

அன்றைக்கு மண்டபத்தில் ஆட்டுக் கயிற்றைப் பற்றிச் சொன்ன அந்த உம்மாவின் வீட்டுக்கு அடுத்த கிழமையே போனேன். வீடியோ வேண்டாம் என்று சொல்லிவிட்டா. குரல் மட்டும் என்றால் சரி என்றா. என் பழைய போனில் பதிவு செய்தேன். மொத்தம் பதினான்கு நிமிடம். ஆடு என்ன நிறம், எந்த முருங்கை மரத்தடியில் கட்டியிருந்தது, காலையில் யார் தண்ணி வைத்தது, பக்கத்து வீட்டு அக்கா வேலியால் எட்டிப் பார்த்து என்ன கேட்டா, எல்லாம் இருக்கிறது. கடைசியாக, "அந்த அக்கா அவுத்து விட்டிருப்பா. கட்டாயம் அவுத்து விட்டிருப்பா" என்று இரண்டு தரம் சொல்கிறா.

அந்த உம்மா போன வருடம் மவுத்தாகிவிட்டா. அல்லாஹ் அவவுக்கு ஜன்னத்துல் பிர்தௌஸைக் கொடுக்கட்டும்.

பதிவு என்னிடம் இருக்கிறது. ஒலி அவ்வளவு சுத்தமாக இல்லை, மின்விசிறிச் சத்தம். ஒன்பதாவது நிமிடத்தில் அஸருக்குப் பாங்கு சொல்கிறார்கள். அவ பேச்சை நிறுத்திவிடுகிறா. பாங்கு முடியும்வரை மின்விசிறி மட்டும் கேட்கிறது. முடிந்ததும் முருங்கை மரத்தில் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறா.